கைதட்டித் தண்டால் எடுத்தவள்

அவள் யாரிடமும் அனுமதி கேட்டு நான் பார்த்ததே இல்லை. வகுப்பில் நாங்களெல்லாம் கையைத் தூக்கி, எழுந்து நின்று, "மிஸ், வெளிய போகட்டுமா மிஸ்" என்று இழுப்போம். அவள் எழுந்து, "போயிட்டு வாரேன் மிஸ்" என்பாள். மரியாதையாகத்தான் சொல்வாள். போய்விட்டுச் சொன்னபடி வந்தும்விடுவாள். ஆனாலும் சில ஆசிரியைகளுக்கு அது தாங்காது. திமிர் என்பார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

தெரியாத விஷயமென்றால் யாரிடம் வேண்டுமானாலும் கேட்பாள். ஆறாம் வகுப்புப் பெண்ணிடம் போய்க் கணக்குச் சந்தேகம் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். அதில் அவளுக்கு வெட்கமே கிடையாது. தான் செய்யப்போகும் காரியத்துக்கு மட்டும் ஒருவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவளுக்கு ஒன்றும் ஆகாது, "எழுதுனா எழுது" என்பாள். ஆனால் அவளுடைய அம்மா இன்னும் ஊரில், அதே தெருவில்தான் இருக்கிறார். கல்யாண வீடு, காதுகுத்து என்று நாலு பேர் கூடுகிற இடங்களுக்கு அவர் போக வேண்டியிருக்கிறது. ஊர் ஏற்கெனவே பேசியது போதும்.

கறம்பக்குடிக்குப் போகிற வழியில் இருக்கும் ஓர் ஊரில், பெண்கள் பள்ளியில் நாங்கள் படித்தோம். பிளஸ் ஒன்னில் ஒருநாள் மதியம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "பாஸ்கெட் பால் டீம்ல ஒன் பேர எழுதிட்டேன். சாயங்காலம் வந்துரு" என்றாள்.

"என்னையக் கேட்டியா நீ?"

"நீதான் கிளாஸ்ல நெட்டை."

அவ்வளவுதான் விளக்கம். எனக்கு வந்த கோபத்தில் தட்டை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். யாரையும் கேட்காத ஆளிடம் அதுதான் சிக்கல், நம்மையும் கேட்க மாட்டாள். அன்று சாயங்காலம் அவளை நாலு வார்த்தை திட்டுவதற்காகத்தான் மைதானத்துக்குப் போனேன். கையில் பந்தைக் கொடுத்துவிட்டாள். திட்டவில்லை.

மைதானம் என்பது பெரிய வார்த்தை. சிமெண்டு பெயர்ந்த ஒரு களம். இரண்டு பக்கமும் இருந்த கூடைக் கம்பங்களில் ஒன்று புயலில் சாய்ந்துபோய்ச் சுவரோரம் துருப்பிடித்துக் கிடந்தது. ஆகவே பாதிக் களத்தில்தான் ஆடுவோம். வாரத்துக்கு இரண்டு நாள் ஆடுவோம், வியர்த்தால் வீட்டுக்குப் போவோம். பி.டி. மிஸ்ஸுக்கு கோகோ ஆட்டம் என்றால் உயிர். பாஸ்கெட் பாலை அவர் ஒன்றுவிட்ட உறவுக்காரர் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்.

அந்த வருடம் எப்படியோ மாவட்டத்தில் ஜெயித்து மண்டலப் போட்டிக்குப் போனோம். மாவட்டத்தில் எங்களைப்போலவே ஆடுகிறவர்கள்தான் இருந்தார்கள், அதனால் ஜெயித்தோம். மண்டலத்தில் திருச்சியிலிருந்து வந்த ஒரு பள்ளி எங்களைத் துவைத்துக் காயப்போட்டது. அவர்கள் ஓடியதே குறைவு. ஒருத்தி நெஞ்சிலிருந்து பந்தைத் தள்ளுவாள். நாங்கள் தலையைத் திருப்புவதற்குள் அது களத்தின் அந்தக் கோடியில் இன்னொருத்தி கையில் இருக்கும். நாங்கள் எறிந்த பந்தோ, ஆகாயத்தில் நின்று நிதானமாக ஊரைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். அதற்குள் நடுவில் யாராவது பிடுங்கிவிடுவார்கள். அன்று பந்தைப் பிடிக்கப்போய் என் சுண்டுவிரல் வீங்கிவிட்டது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதோம். அவளை மட்டும் காணோம். தேடிப் போனேன். குழாயடியில், எங்களைத் தோற்கடித்த அந்த நெஞ்சுத் தள்ளல்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "ஒங்க கை எப்பிடி இவ்வளவு சுருக்கா வருது? என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெயித்தவளிடம் போய் நேருக்கு நேர் கேட்கிறாளே என்று எனக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பெண் நல்லவள். தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து, உந்தி, மறுபடி சாய்ந்து செய்து காட்டினாள். தரையில் குப்புற விழுந்து தண்டால் எடுத்து, உடம்பு மேலே எழும்பும்போது இரண்டு கையையும் தரையிலிருந்து எடுத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி ஊன்றினாள். மெடிசின் பால் என்று ஒரு கனத்த பந்தைப் பற்றிச் சொன்னாள். அதைச் சுவரில் எறிந்து பிடிக்க வேண்டும், பிடித்த கையோடு எறிய வேண்டும்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் கையை முன்னால் நீட்டி நீட்டி மடக்கிக்கொண்டே வந்தாள். ஊர் நெருங்கியதும், "நாளைக்கு ஆரம்பிக்கிறோம்" என்றாள்.

மெடிசின் பாலுக்கு எங்கே போவது? காற்று நிற்காத பழைய பாஸ்கெட் பால் ஒன்று ஸ்டோர் ரூமில் கிடந்தது. அதைக் கத்தியால் கீறி மணலை அடைத்தாள். கோணி ஊசியால் தைத்து, சைக்கிள் கடையில் கொடுத்து மேலே பஞ்சர் ஒட்டு ஒட்டி வாங்கிவந்தாள். பி.டி. மிஸ்ஸிடம், "மிஸ், அந்தப் பழைய பந்த அறுத்துட்டேன்" என்றாள். அறுத்த பிறகுதான் சொன்னாள். மிஸ் அவளைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், "என்னமோ பண்ணித் தொலைங்க" என்று கோகோ பக்கம் போய்விட்டார்.

இங்கேதான் நாங்கள் ஒரு பெரிய தப்பு செய்தோம். வேறு ஊர்க்காரர்கள் செய்திருப்பார்களா என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பலம் என்றால் பாரம்தான். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் தூக்குகிறவளைத்தான் "கெட்டிக்காரி" என்பார்கள். தென்னந்தோப்பில் காய் மூட்டையை ஒற்றையாளாகச் சைக்கிளில் ஏற்றுகிறவனைத்தான் ஆள் என்பார்கள். ஆகவே பந்து எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். பழகப் பழகத் தையலைப் பிரித்து இன்னும் மணலைப் போட்டோம். ஈர மணல் இன்னும் கனக்கும் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள், தண்ணீரையும் ஊற்றினோம். ரேஷன் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னமோ மெடல் வாங்கியதுபோல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம். இதிலெல்லாம் அவள்தான் முன்னால் நின்றாள்.

எனக்குத் தோள்பட்டையில் வலி கண்டது. இரட்டைச் சடை போட முடியவில்லை, அம்மாதான் பின்னிவிட்டார். அவளிடம் சொன்னேன். "தாங்கிக்க" என்றாள். பொறுத்துக்கொண்டேன். சில வாரம் கழித்துப் பக்கத்து ஆண்கள் பள்ளியின் சின்னப் பையன்களோடு சும்மா ஒரு ஆட்டம் போட்டோம். எங்கள் பந்து முன்னைவிட மெதுவாகப் போனது. ஒன்பதாம் வகுப்புப் பொடியன்கள் குறுக்கே புகுந்து பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். சிரிப்பு வேறு.

ஆட்டம் முடிந்ததும் அவள் மணல் பந்தை மடியில் வைத்துக்கொண்டு களத்தின் ஓரம் உட்கார்ந்தாள். என்னைச் சுவர்ப் பக்கம் நிறுத்தி அதை எறியச் சொன்னாள். எறிந்தேன். அது திரும்பி வந்து என் கையில் விழுந்ததும் நெஞ்சோடு அணைத்து, மூச்சை இழுத்து, காலை ஊன்றி மறுபடி எறிந்தேன். அவள் எழுந்து வந்து பந்தை வாங்கித் தையலை அறுத்தாள்.

"கைக்குப் பந்து வந்த வேகத்துல திரும்பிப் போகணும். இது வந்து ஒன் கையில உக்காந்து வெத்தலை போட்டுட்டுல்ல போகுது" என்று பாதிக்கு மேல் மணலைக் கொட்டினாள். "பாரம் தூக்குறதுன்னா சித்தாள் வேலைக்குப் போகலாம். இதுக்கு எதுக்கு பாஸ்கெட் பாலு."

என் தோள்வலிக்கு மன்னிப்புக் கேட்பாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கேட்கவில்லை. மறுநாள் எனக்கு மட்டும் பயிற்சி கிடையாது என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் தைலம் கொண்டுவந்து கொடுத்தாள். அவளிடம் அதுதான் மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் சரியான வழிக்கு வந்தோம். முதலில் சுவரில் சாய்ந்து உந்தினோம். பிறகு பெஞ்சில். பிறகு முட்டிபோட்டுத் தரையில். கடைசியில்தான் முழுத் தண்டால். எடை குறைந்த பந்தை நெஞ்சிலிருந்து ஒரு தடவை, தலைக்கு மேலிருந்து ஒரு தடவை எறிவோம். கை சோர்ந்து வேகம் குறைந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். "சோந்த கை சோம்பேறித்தனத்தத்தான் பழகும்" என்பாள். ஒருநாள் செய்தால் மறுநாள் விடுவோம். கைதட்டித் தண்டால் எடுக்க எல்லோருக்கும் பயம், மூக்கு உடையும் என்று. அவளுக்கு முதலில் தட்டக்கூட வரவில்லை. உள்ளங்கை தரையை விட்டு ஒரு நூல் எழும்பி விழும், அவ்வளவுதான். நெற்றியில் ஒரு வாரம் சிராய்ப்போடு திரிந்தாள். பிறகு ஒருநாள் காலையில் அந்தச் சத்தம் கேட்டது. சிமெண்டுத் தரைக்கும் அவள் நெஞ்சுக்கும் நடுவில் "டப்" என்று ஒரு கைதட்டல். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "அடுத்து நீ" என்றாள் என்னிடம்.

நாங்கள் பந்தை எறிந்த சுவர் சத்துணவுக் கூடத்தின் பின்சுவர். உள்ளே சமைக்கிற அம்மா ஒருநாள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "ஏண்டி, சாம்பார் அடுப்புல நடுங்குது. இங்கிட்டு என்ன, இடி இடிக்குதா?" என்றார். பார்த்தால் சுவரில் ஓரிடத்தில் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. நாங்களெல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஓடத் தயாரானோம். அவள் நேராகத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள். "மிஸ், சத்துணவுக் கூடத்துச் செவுத்துல காரை பேந்துருச்சு. நாங்கதான். சனிக்கிழமை பூசிடுறோம்" என்றாள். சனிக்கிழமை எங்கேயோ வாங்கிய கொஞ்சம் சிமெண்டோடு வந்து, பந்திலிருந்து கொட்டிய அதே மணலைக் கலந்து பூசினாள். பூச்சு மேடும் பள்ளமுமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை அதன்மேலேயே எறிந்தோம்.

இப்படி ஒரு வருடம் போனது. எங்கள் உடம்பு மாறியது. மற்றவர்களுக்குக் கொஞ்சம், அவளுக்கு நன்றாகவே. தோள் விரிந்தது, மேல்கை திரண்டது, கழுத்து நிமிர்ந்தது. சாய்ந்துபோன கூடை இருந்த இடத்தில் நான் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். அவள் அந்தக் கோடியில் நின்று நெஞ்சிலிருந்து தள்ளுவாள். பந்து மேலே போகாமல் தரைக்கு இணையாக வரும். உள்ளங்கை சுடும். எனக்கு அப்போது ஏற்பட்ட சந்தோஷம் பரீட்சையில் மார்க் வாங்கியபோதுகூட ஏற்பட்டதில்லை.

ஊர் சும்மா இருக்குமா? பஸ் ஸ்டாண்டில் பையன்கள் "அண்ணே, வாங்கண்ணே" என்றார்கள். கோயிலில் பார்த்த பெண்கள், "என்னடி இது, ஆம்பள மாதிரி" என்று அவள் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாற்று நட்டு, கட்டுத் தூக்கி, செங்கல் சுமந்து இந்த மாவட்டத்துப் பெண்களுக்குக் கை திரளாததா? அப்போதெல்லாம் யாரும் ஆம்பளை என்று சொன்னதில்லை. மற்றவர்களுக்காகத் திரண்டால் அது உழைப்பு. தனக்காகத் திரட்டிக்கொண்டால் மட்டும் ஆம்பளைத்தனமா? இதை நான் அவளிடம் பொரிந்து தள்ளியபோது அவள் காதில் வாங்கவே இல்லை. "முட்டியத் தரையில வைக்காத" என்றாள்.

அவள் அப்பா குவைத்தில் இருந்தார். வீட்டில் என்ன நடக்க வேண்டுமென்றாலும் அவளுடைய தாய்மாமன்தான். சிங்கப்பூரில் பல வருடம் இருந்து திரும்பிய மனிதர். கெட்டவர் என்று சொல்ல மனம் வரவில்லை. அவள் முதன்முதலில் போட்ட விளையாட்டு ஷூ அவர் வாங்கிவந்ததுதான். மாவட்டத்தில் ஜெயித்தபோது தெருவுக்கே லட்டு கொடுத்தார். தன் மகனுக்கு அவளைத்தான் கட்டுவது என்று அவள் பிறந்த அன்றைக்கே பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பையனும் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். அவன்மீது அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆசையும் இல்லை. "நல்ல பையன்தான்" என்பாள், மழை நல்ல மழைதான் என்பதுபோல.

மாமாவுக்கு அவள் தோள்தான் கண்ணை உறுத்தியது. ஒருநாள் நான் அவள் வீட்டில் இருக்கும்போதே சொன்னார்.

"வெளையாடுறது வேற ஆத்தா, ஒடம்பையே மாத்திக்கிறது வேற. வெளையாட்டுன்னுதான் நான் ஷூ வாங்கிக் குடுத்தேன்."

"வெளையாடத்தான் மாமா ஒடம்ப மாத்துறேன்."

"நாளைக்கு எம் மகன் பக்கத்துல நின்னா யாரு மாப்பிள்ளை, யாரு பொண்ணுன்னு கேப்பாங்க."

"அவருக்கு மீசை இருக்குல்ல" என்றாள். நான் தண்ணீர் செம்புக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். மாமா சிரிக்கவில்லை.

பிளஸ் டூவில் மறுபடி மாவட்டத்தில் ஜெயித்தோம். திருச்சியில் மண்டலப் போட்டி, ஒரு வெள்ளிக்கிழமை மதியம். மாமா நாள் பார்த்து, அவளுக்குப் பதினெட்டு முடிந்த கையோடு பரிசம் போட முகூர்த்தம் குறித்துவந்தார். அதே வெள்ளிக்கிழமை காலை. தெரிந்து குறித்தாரா, தெரியாமல் குறித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் போய், "மாமா, அன்னைக்கு எனக்கு மேட்ச் இருக்கு. வேற நாள் பாத்துக்கங்க" என்றாள். "இனிமே என்ன மேட்ச்? பரிசம் போட்ட புள்ளை டவுசர் போட்டுக்கிட்டு ஓடுமா? அந்தப் பந்த அன்னையோட தூக்கிப் போட்டுரு" என்றார். அப்பாவுக்குப் போன் போட்டாள். "மாமா சொல்றபடி செய்யி" என்றுவிட்டு அவர் வைத்துவிட்டார். அதாவது அன்றைக்கு அவள் சம்மதித்துவிட்டால், திருச்சி ஆட்டம் மட்டுமல்ல, எந்த ஆட்டமும் இனிக் கிடையாது. அவளுக்கு அது தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பரிசத்துக்கு ஜாக்கெட் தைத்தார்கள். தையல்காரம்மா பழைய அளவை வைத்துத் தைத்துவிட்டார். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. அவள் அம்மா, "பொம்பளப் புள்ளை கையா இது" என்று கட்டிலில் உட்கார்ந்து அழுதார். அவள் ஜாக்கெட்டைக் கழற்றித் தையல்காரம்மாவிடம் நீட்டினாள். "சட்டையப் பிரிச்சுத் தச்சுருங்கக்கா. கையப் பிரிச்சுத் தைக்க முடியாது" என்றாள். அம்மாவின் அழுகைக்கு நடுவில் அந்தத் தையல்காரம்மா மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் என்னிடம் சொன்னாள். "மிஸ்ஸும் மத்தவங்களும் காலையிலயே போகட்டும். நீ மட்டும் எங்க வீட்டுக்கு வந்துரு. ரெண்டு பேரும் பின்னாடி பஸ்ல போவோம்."

"விடுவாங்களாடி?"

"ஒன் ஜெர்சிய மறக்காம எடுத்துக்க."

என்ன செய்யப்போகிறாள் என்று எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. பயம்தான் இருந்தது.

கூடத்தில் ஜமுக்காளம் விரித்துப் பங்காளிகள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். தேங்காய், பழம், வெற்றிலை, பட்டுப்புடவை என்று தாம்பாளங்கள் வரிசையாக இருந்தன. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, வீடியோ காலில் வந்திருந்தான். அந்தப் போனை வாழைப்பழச் சீப்பின்மீது சாய்த்து வைத்திருந்தார்கள். தட்டு மாற்றுவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைச் சபைக்கு அழைத்துவந்து, வயதில் மூத்தவர் ஒருவர், "சம்மதமா" என்று கேட்பார். பெண் பேசக் கூடாது. தலையைக் குனிந்துகொண்டு சபையில் விழுந்து கும்பிட வேண்டும். அதுதான் சம்மதம். எத்தனையோ பரிசங்களுக்குப் போயிருக்கிறேன், வேறு எதுவும் நடந்து பார்த்ததில்லை. கேட்கிறவரே பதிலை எதிர்பார்க்க மாட்டார். பாதிப் பேர் அந்நேரத்தில் காபி டம்ளரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அவளை அழைத்து வந்தார்கள். பிரித்துத் தைத்த ஜாக்கெட், பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ. அழகாக இருந்தாள். பொய் சொல்லவில்லை, அந்தத் தோளுக்குப் பட்டு அப்படிப் பொருந்தியது. பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஏத்தா, இந்தச் சம்பந்தத்துல ஒனக்குச் சம்மதந்தானே?"

"இல்லீங்கய்யா" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. வகுப்பில் "போயிட்டு வாரேன் மிஸ்" என்று சொல்கிற அதே குரல். பெரியவருக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்துத் திரும்பவும், "வெளையாட விட மாட்டேங்கிறாங்க. அதனால சம்மதமில்லீங்கய்யா" என்றாள். யாரோ எட்டி அந்தப் போனைக் கவிழ்த்துப் போட்டார்கள்.

மாமா எழுந்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது. "என்ன பேசுற நீ? பெரியவங்க சபையில என்ன பேசுற?"

"கேட்டாங்க மாமா. அதான் சொன்னேன்."

பெண்கள் சிலர் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். அடிக்கப்போகிறார்கள் என்று நினைத்து நான் பின்னாலேயே ஓடினேன். அவள் அம்மா அறை வாசலில் நின்றார். வந்தவர்களையெல்லாம் பார்த்து, "எல்லாரும் கொஞ்சம் அங்கிட்டு இருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மகளைத் திட்டவும் இல்லை, தடவிக்கொடுக்கவும் இல்லை. என்னை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டார். உள்ளே அவள் பூவை எடுத்துச் சாமி படத்துக்கு வைத்தாள். புடவையை மடித்து வைத்தாள். ஜெர்சியைப் போட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். என்னையும் போட்டுக்கொள்ளச் சொன்னாள். நான் அவசரத்தில் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு, மறுபடி கழற்றிப் போட்டேன்.

வாசலில் மாமா நிலைப்படியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி மறித்துக்கொண்டு நின்றார்.

"இந்த வாசலத் தாண்டுனியன்னா எங்க வீட்டு வாசல் ஒனக்குக் கெடையாது."

"சரி மாமா."

"ஒங்க ஆத்தாளுக்கும் கெடையாது."

திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அவள் எதற்காகவாவது ஒருவர் முகத்தைப் பார்த்து நின்றதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையை இறக்கிவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியாதபடிக்குச் சொன்னார்.

அவள் மாமா பக்கம் திரும்பினாள். "கைய எடுங்க மாமா."

தள்ளிவிடுவாளோ என்று எனக்கு உயிர் போனது. அவள் நெஞ்சிலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினால் அந்த மனிதர் தெருவில் போய் விழுந்திருப்பார், அது எனக்குத் தெரியும். அவள் தொடவே இல்லை. நின்றாள். ஷூ வாங்கிக்கொடுத்த அந்தக் கை கடைசியில் தானாகவே கீழே இறங்கியது. நாங்கள் வெளியே வந்தோம். தெருக்கோடி வரைக்கும் நடந்தவள், திரும்பியதும் ஓடத் தொடங்கினாள். பஸ் வந்துவிட்டது.

திருச்சியில் அதே பள்ளி. போன வருடம் எங்களைத் துவைத்துக் காயப்போட்ட அதே பெண்கள். இந்தத் தடவை எங்கள் பந்து ஆகாயத்தைப் பார்க்கவில்லை. முதல் பாதியில் அவள் அந்தக் கோடியிலிருந்து தள்ளிய பந்துகளை நான் பிடித்துப் பிடித்துக் கூடைக்குள் போட்டேன். பி.டி. மிஸ் ஆட்டம் முழுவதும் நாற்காலியில் உட்காரவே இல்லை. இடைவேளையில் நாங்கள்தான் முன்னால் இருந்தோம். பிறகு களைத்துவிட்டோம். அவர்களிடம் மாற்றி இறக்க ஆட்கள் வரிசையாக இருந்தார்கள், எங்களிடம் ஆறு பேர்தான். கடைசிப் பகுதியில் கால் வரவில்லை. கை மட்டும் வந்து என்ன செய்ய? தோற்றுவிட்டோம். கொஞ்சத்தில் தோற்றோம் என்று சொல்லி ஆறுதல்பட்டுக்கொள்ளலாம், ஆனால் தோற்றால் தோற்றதுதான்.

அன்றிரவு மிஸ் எங்களைத் திருச்சியில் தன் அக்கா வீட்டில் தங்கவைத்தார். மறுநாள் காலை பஸ்ஸில் ஊர் நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஜெயித்திருந்தால் ஊர் வாயை மூடிக்கொண்டிருக்கும். பேப்பரில் போட்டோ வந்திருந்தால் அதே பங்காளிகள், "எங்க வீட்டுப் புள்ளை" என்று சொல்லித் திரிந்திருப்பார்கள். இப்போது என்ன முகத்தோடு இறங்குவது? இதை அவளிடம் சொன்னேன். "இருக்கிற முகத்தோடதான்" என்றாள்.

இறங்கினோம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மாமா நின்றிருந்தார். கூட நாலைந்து பேர், நேற்றுச் சபையில் இருந்தவர்கள்தான். நான் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்று அவள் பையைப் பிடித்து இழுத்தேன். அவள் நேராகத்தான் நடந்தாள். அவர்களுக்கு முன்னால் போகும்போது மாமாவே கேட்டார்.

"ஜெயிச்சியா?"

"தோத்துட்டோம் மாமா."

மாமாவின் குரலில் கோபம்கூட இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"இதுக்குத்தானா? அத்தனை பேரு முன்னாடி என்னையத் தலைகுனிய வச்சது இதுக்குத்தானா?"

"ஆமா மாமா. இதுக்குத்தான்."

அவள் கண் கலங்கியிருந்தது. அதை அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். ஆனால் தலை குனியவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அத்தனை பேருக்கும் கேட்கும்படியாக என்னிடம் சொன்னாள்.

"இன்னைக்கு ரெஸ்ட் எடு. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துரு."

அந்த வருடத்தில் எங்களுக்கு இனி ஒரு போட்டியும் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஆறு மணிக்குப் போனேன்.